பெரம்பலூர் மெஷினை அளக்கப் போனேன்

நான் பிறந்து வளர்ந்த ஈப்போவில், ஒரு பேருந்து ஓர் ஊர் வழியாகப் போகிறது என்றால் அந்த ஊருக்குள் போகும் என்று அர்த்தம். திருச்சியில் ஏறும்போதே நடத்துநர், "பெரம்பலூர்லாம் பைபாஸ்தான், உள்ள போவாது, அப்புறம் என்னையக் கேக்கக் கூடாது" என்று கத்தினார். வழக்கமான மிரட்டலாக இருக்கும் என்று ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டேன். பாடாலூர் வரை விழித்திருந்தேன். சாலையோரம் சின்ன வெங்காயத்தைக் குவித்து வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். அடுத்து நான் கண் விழித்தபோது நடத்துநர் என் தலைக்கு மேல் நின்றுகொண்டிருந்தார்.

"யம்மா, பெரம்பலூரு போயி அரைமணி ஆச்சு."

"எழுப்பியிருக்கக் கூடாதா?"

"கூப்புட்டேனே. நீங்க பாட்டுக்கு வாயத் தொறந்து தூங்கிட்டு இருந்தீங்க. நான் என்னா மோளமா அடிக்கிறது?"

அடுத்து வந்த டோல்கேட்டில் இறக்கிவிட்டார்கள். ஐம்பத்தெட்டு வயதுக்காரி, ஒரு பெட்டி, ஒரு மடிக்கணினி, உச்சி வெயில். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன், ஆனால் பேருந்து போன பிறகுதான். பிறகு பெரம்பலூரில் நான் போக வேண்டிய ஆபீசுக்குப் போன் போட்டேன். முக்கால் மணி நேரத்தில் அங்கே லைன் வேலை பார்க்கும் கோவிந்தராசு என்பவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். நரைத்த மீசை, தோளில் சுருட்டிய கேபிள் ஒயர். என் பெட்டியை டேங்க் மேல் நிறுத்தி, அதன் மேல் தாடையை வைத்துக்கொண்டு ஓட்டினார். "வழி தெரியுதாங்க?" என்று பின்னாலிருந்து கேட்டேன். "பழகுன ரோடுதாங்க மேடம், கண்ண மூடிட்டே போவேன்" என்றார். அதற்குப் பிறகு நான் ஒன்றும் கேட்கவில்லை.

எதற்காக வந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் ஓய்வு பெற்ற தொலைபேசிப் பொறியாளர். இணையத்தில் யார், எங்கிருந்து, யாருடன் பேசுகிறார்கள் என்பதை மறைத்து வைக்கிற ஒரு வலைப்பின்னல் இருக்கிறது. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் சும்மா, சம்பளமில்லாமல், தங்கள் வீட்டிலோ ஆபீசிலோ அதற்காக ஒரு மெஷினை ஓட்டுகிறார்கள். ஒருவர் அனுப்பும் செய்தி மூன்று மெஷின்கள் கைமாறிப் போகும். முதல் மெஷினுக்கு அனுப்பியவரைத் தெரியும், போகுமிடம் தெரியாது. கடைசி மெஷினுக்குப் போகுமிடம் தெரியும், அனுப்பியவரைத் தெரியாது. நடுவில் இருப்பதற்கு இரண்டுமே தெரியாது. இப்படிக் கைமாற்றிவிடும் மெஷினுக்கு ரிலே என்று பெயர்.

எந்த ரிலே வழியாக எத்தனை பேரை அனுப்பலாம் என்று முடிவு செய்ய அதன் வேகம் தெரிய வேண்டும். ஒவ்வொரு ரிலேயும் தன் வேகத்தைத் தானே சொல்லும்: 'கடந்த சில நாளில், விடாமல் பத்து வினாடி நான் ஓடிய உச்ச வேகம் இது' என்று. மாப்பிள்ளை வீட்டார் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்கிற மாதிரிதான் அது. கேட்டுக்கொள்ளலாம், ஆனால் தெருவில் நாலு பேரை விசாரிக்காமல் பெண் கொடுக்க முடியாது. அந்த விசாரணைக்காக வெவ்வேறு நாடுகளில் அளக்கும் மெஷின்கள் இருக்கின்றன. அவை சொல்லாமல் கொள்ளாமல் வந்து, அந்த ரிலே வழியாக ஒரு கோப்பை இழுத்துப் பார்த்து, எத்தனை நேரம் பிடித்தது என்று குறித்துக்கொண்டு போய்விடும். ஆளுக்கொரு எண் சொல்வார்கள். ஆகக் கூடியதும் வேண்டாம், ஆகக் குறைந்ததும் வேண்டாம் என்று வரிசையின் நடுவில் நிற்பதை எடுத்துக்கொள்வது வழக்கம். அதுதான் அந்த ரிலேயின் மதிப்பு. மதிப்பு விழுந்தால் அந்த வழியாக யாரும் வரமாட்டார்கள். மெஷின் மூலையில் கிடந்து கரண்டு தின்னும்.

ரிலேக்கள் குறைவாக இருக்கும் ஊர்களுக்கு மெஷின் வாங்கிக் கொடுக்கிற சிறு குழு ஒன்றில் நான் பதினோரு வருடமாக இருக்கிறேன். யாருக்குக் கொடுத்த மெஷின் எப்படி ஓடுகிறது என்று அளந்து சொல்வது என் வேலை. பெரம்பலூரில் கேபிள் டிவியும் இணைய லைனும் கொடுக்கிற சிவகாமி என்பவருக்கு எட்டு மாதம் முன்பு ஒரு மெஷின் அனுப்பினோம். அந்த மெஷின் தன்னைக் குதிரை என்று சொல்லிக்கொண்டது. அளந்தவர்கள் எல்லாரும் அதை ஆமை என்றார்கள். வேகத்தைக் கூட்டிச் சொல்லி ஊரை ஏமாற்றுகிற ரிலேக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எனவே எங்கள் கூட்டக் குறிப்பில் ஒரே வரியில் எழுதினேன்: 'பெரம்பலூர் மெஷின்காரர் பொய் சொல்கிறார். மெஷினைத் திரும்ப வாங்கி வேறு நாட்டுக்குக் கொடுத்துவிடுவோம்.' குழுவில் மற்றவர்கள், "உனக்குத்தான் தமிழ் தெரியுமே, நேரில் போய்ப் பார்த்துவிட்டு வா. நீ போகிற வாரத்து வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் முடிவு செய்வோம்" என்றார்கள். நேரில் வந்து பார்க்கிறேன் என்று அதையும் குறிப்பில் சேர்த்தேன். ஒரு பொய்க்காரியைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் நான் வந்திருந்தேன்.

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓர் உரக்கடைக்கு மாடியில் சிவகாமியின் ஆபீஸ். வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு ஃபிளெக்ஸ் பேனர். 'முகம் மறைக்கும் வலையின் வேகம் அளக்க மலேசியாவிலிருந்து வருகை தரும் மேடம் அவர்களே, வருக வருக!' கீழே என் படம். என் முழு முகம். பக்கத்தில் இரண்டு புறாக்கள்.

"யார் வைத்தது இதை?" என்று கத்தினேன்.

"நான்தாங்க மேடம்" என்றார் கோவிந்தராசு, பெட்டிக்கு மேலிருந்து தாடையை எடுத்து. "படம் கொஞ்சம் மங்கலா இருந்துச்சு. கடக்காரரு தெளிவாக்கிக் குடுத்தாரு."

"ஐயா, இது முகத்தை மறைக்கிற வேலை!"

"அது உள்ள வர்றவங்களுக்குங்க. நீங்க விருந்தாளி."

அன்று சாயங்காலமே அதைக் கழற்றச் சொன்னேன். கழற்றினார். மறுநாள் காலை கீழே உரக்கடை வாசலில் ஒரு வெங்காயக் குவியலின் மேல் வெயிலுக்கு விரித்திருந்தார்கள், என் முகம் மேல்பக்கமாக.

சிவகாமிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். காதில் போனும் கையில் பேனாவுமாகவே இருப்பார். கணவர் இறந்த பிறகு கேபிள் தொழிலைக் கையில் எடுத்து, காலேஜ் படிக்கும் மகளை வைத்துக்கொண்டு நடத்துகிறார். டவுனில் எல்லாருக்கும் அவர் 'கேபிள்கார அக்கா'. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, ஒரு நிமிடம் என் முகத்தை உற்றுப் பார்த்தார். "வாங்க மேடம். மொதல்ல சாப்புடுங்க. அளக்குறது எங்க போயிரப் போவுது" என்றார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை வேலையை ஆரம்பித்தேன். கோலாலம்பூரில் நான் வாடகைக்கு எடுத்திருக்கும் ஒரு கணினியிலிருந்து, பெரம்பலூர் ரிலே வழியாக ஒரு பெரிய கோப்பை இழுத்தேன். பறந்தது. அடேயப்பா என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். பத்து, பதினைந்து வினாடிதான். பிறகு யாரோ கழுத்தைப் பிடித்தது போல் விழுந்தது. அரைமணி கழித்து மறுபடி இழுத்தேன். அதே கதை. மதியத்துக்குள் ஆறு தடவை. ஆறு தடவையும் முதல் பத்துப் பதினைந்து வினாடி ராஜ மரியாதை, பிறகு நாய் பாடு. முன்னால் வேகம் காட்டிப் பின்னால் கையை விரிக்கும் இந்தத் தந்திரம் எனக்குப் புதிதல்ல. பிடித்துவிட்டேன் என்று சந்தோஷமாகவே இருந்தது, சொல்லப் போனால்.

ஒரே தொல்லை கோவிந்தராசுவின் போன். ஏணியைத் தூக்கிக்கொண்டு உள்ளேயும் வெளியேயும் போய்வந்துகொண்டிருந்தார். நடுநடுவே அவருடைய சட்டைப்பையில் ஒரு சேவல் கொக்கரக்கோ என்று கூவும். அவர் சாவகாசமாகப் போனை எடுத்து, கண்ணாடியைத் தேடிப் போட்டு, கட்டை விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பையில் போட்டுக்கொள்வார். "அந்தச் சனியனை அணைத்து வையுங்களேன்" என்றேன். "அது கூவலன்னா டவுனே நின்னுரும் மேடம்" என்றார். ஆண்களுக்குத் தங்கள் போனைப் பற்றி எங்கும் இதே நினைப்புதான்.

மதியச் சாப்பாடு சிவகாமி வீட்டில். இந்த மாவட்டமே சின்ன வெங்காயத்தில் நடக்கிறது. வெங்காயச் சாம்பார், வெங்காயக் காரக்குழம்பு, வெங்காயத் துவையல், தொட்டுக்கொள்ள நல்லெண்ணெயில் வதக்கிய முழு வெங்காயம். ஈப்போவில் நாங்கள் நான்கு வெங்காயத்தைக் கண்ணில் காட்டிவிட்டு அதைச் சாம்பார் என்போம். இங்கே வெங்காயத்துக்கு நடுவில் பருப்பைத் தேட வேண்டியிருந்தது. மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். யாரைப் பொய்க்காரி என்று எழுதினேனோ அவர் கையால் மூன்று முறை. எனக்கு வெட்கம் வரவில்லை. அப்போது வரவில்லை.

வலையின் பட்டியலில் ஒவ்வொரு ரிலேக்கும் ஒரு பெயர் வைக்கலாம். இவர் வைத்திருந்த பெயர் அமுதா. "மகள் பெயரா?" என்று பேச்சுக்குக் கேட்டேன்.

"தங்கச்சிங்க. வளைகுடாவுல ஒரு வூட்டு வேலைக்குப் போயிருக்கா. போயி மூணு வருசமாச்சு. பாஸ்போர்ட்ட அந்த வூட்டுக்காரங்க வாங்கி வச்சுக்கிட்டாங்க. தூதரகத்துல மனு போட்டிருக்கோம், நடந்துகிட்டு இருக்கு." குழம்பை என் இலையில் ஊற்றிக்கொண்டே சொன்னார். "வெள்ளிக்கிழம ஒரு மணி நேரந்தான் போனு கையில குடுப்பாங்க. அந்த வூட்டு லைன்ல பேசுறது, மெசேஜு எல்லாத்தையும் அடைச்சு வச்சிருக்காங்க. ஏழு மாசம் ஒரு சேதி இல்ல. இருக்காளா, செத்தாளான்னு தெரியாது. அப்புறம் பக்கத்து வூட்ல வேலை செய்யிற ஒரு நர்சம்மா இந்த வலையப் பத்திச் சொல்லிக் குடுத்துச்சாம். ஒரு வெள்ளிக்கிழம திடீர்னு 'அக்கா'ன்னு ஒரு மெசேஜு. அவ்ளோதான், 'அக்கா'ன்னு மட்டும். நான் கவுண்டர்ல உக்காந்து ஓன்னு அழுதேன்."

"அதனால்தான் மெஷின் கேட்டீர்களா?"

"பின்ன?" என்றார்.

என் கையில் சோறு அப்படியே நின்றது. ஆனால் பொறியாளர் புத்தி எங்கே விடும்? காரணம் நல்லதாக இருந்தால் கணக்கு சரியாகிவிடுமா என்று எனக்குள் ஒருத்தி கேட்டாள். நல்ல காரணத்துக்காகப் பொய் சொல்கிறவர்களும் உண்டு. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

கோளாறு சிவகாமியிடம் இல்லாமல் அவருக்கு லைன் கொடுக்கிற இடத்தில் இருக்கலாம். அதையும் பார்க்காமல் எழுதக் கூடாது. அந்த லைன் அரியலூரிலிருந்து வருகிறது. எனவே புதன்கிழமை காலை கோவிந்தராசுவின் பின்னால் உட்கார்ந்து அரியலூர் போனேன். புறப்படும் முன் கோலாலம்பூர் கணினியை அரைமணிக்கு ஒரு தடவை தானாகவே கோப்பை இழுக்கும்படி வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

அரியலூர்ச் சாலையைப் பற்றி யாரும் என்னிடம் முன்னாலேயே சொல்லவில்லை. சுண்ணாம்புக்கல் லாரியும் சிமெண்டு லாரியும் ஒன்றன் வால் பிடித்து ஒன்று போகின்றன. எங்களுக்கு இடம் மண்ணில்தான். நான் கட்டியிருந்த கறுப்புச் சேலை அரியலூர் எல்லையில் சாம்பல் நிறமாகி, ஊருக்குள் நுழைந்தபோது வெள்ளையாகிவிட்டது. நடு வழியில் சேவல் கூவியது. கோவிந்தராசு அத்தனை லாரிக்கு நடுவில் வண்டியை ஓரங்கட்டி, கண்ணாடி போட்டு, தட்டிவிட்டு, மறுபடி கிளப்பினார்.

"வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"இல்லைங்க மேடம், ஆபீஸ் வேலை."

"அப்படி என்ன ஆபீஸ் வேலை?" என்று கேட்பதற்குள் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அந்தக் கேள்வியை அங்கேயே விட்டதற்காக இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

லைன் வந்து சேரும் அறையைப் பார்த்துக்கொள்பவர் சவரிமுத்து. வரதராசன்பேட்டைக்காரர். சுவரில் மாதா படம், அதன் கீழ் மினுக்மினுக்கென்று பெட்டிகள், மூலையில் ஒரு டேபிள் ஃபேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "எங்க சைடு சுத்தம்" என்றார். முப்பது வருடத் தொலைபேசி வாழ்க்கையில் இந்த ஒரு வாக்கியத்தை நான் எத்தனை மொழிகளில் கேட்டிருக்கிறேன்! நானே சொல்லியிருக்கிறேன்.

டீ வந்தது. சவரிமுத்து தன் கணினியில் சிவகாமியின் லைன் ஒரு மாதமாக எப்படி ஓடியது என்ற படத்தைத் திறந்தார். தினமும் பல இடங்களில் கோடு விர்ரென்று மேலே ஏறி, கொஞ்ச நேரத்தில் செங்குத்தாகக் கீழே விழுந்திருந்தது.

"லைன்ல நெரிசல்னா இப்படி விழாதுங்க மேடம். நொண்டி நொண்டி எறங்கும்" என்றார் சவரிமுத்து. "இது கத்திய வச்சு அறுத்த மாதிரில்ல இருக்கு. மெஷின் பண்ற வேலை இல்லைங்க இது. யாரோ ஒரு மனுசன் பண்றாரு."

அந்த நேரம் பார்த்துத் திரையில் கோடு விர்ரென்று ஏறியது. என் கோலாலம்பூர் கணினி கோப்பை இழுக்க ஆரம்பித்திருந்தது. எனக்குப் பின்னால் சேவல் கூவியது. திரும்பிப் பார்த்தேன். கோவிந்தராசு டீ டம்ளரைக் கீழே வைத்தார். பையிலிருந்து போனை எடுத்தார். கண்ணாடியைத் தேடினார், துடைத்தார், போட்டார். ஒரு தட்டு. திரையில் கோடு செங்குத்தாக விழுந்தது.

சவரிமுத்து என்னைப் பார்த்தார். நான் சவரிமுத்துவைப் பார்த்தேன்.

"கோவிந்தராசு, இப்போ நீங்க என்ன பண்ணீங்க?"

"அமுக்குனேன்" என்றார்.

"எதை?"

"வெளிநாட்டுலேர்ந்து ஒருத்தன் நம்ம மெஷின்ல படம் எறக்குறான் மேடம். எட்டு மாசமா விடாம வர்றான். ஒரு நேரங்காலம் கெடையாது. ஒரே ஆளு எவ்ளோ இழுக்குறான் தெரியுமா? அக்கா மொதல்லேர்ந்தே சொல்லி வச்சிருக்காங்க, ஒரு வூடு மொத்தமா இழுத்தா ஒம்பது வூடு நின்னுரும், அமுக்கிவிடுன்னு. எந்த லைன் மேல ஏறுனாலும் போன்ல சேவல் கூவுற மாதிரி வச்சிருக்கேன். ஒடனே போன்லயே ஒரு தட்டுத் தட்டி அந்த லைன் வேகத்த அமுக்கிருவேன். அரைமணி கழிச்சு அதுவே தானா விட்டுரும். ஒருநாள்கூட நான் தவறவிட்டதில்ல" என்றார். நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

எட்டு மாதம்! ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்த அத்தனை அளக்கும் மெஷின்களையும் இந்த மனிதர் ஒற்றைக் கட்டை விரலால் அமுக்கியிருக்கிறார். அவர் போனை எடுத்துக் கண்ணாடி போடுகிற அந்தப் பத்துப் பதினைந்து வினாடியில் மெஷின் எட்டிய உச்ச வேகத்தைத்தான், அது தன் வேகம் என்று உண்மையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அதன் பிறகு அளந்தவர்கள் கண்டதும் உண்மை. பொய் சொன்னது யாருமே இல்லை, என் ஒரு வரியைத் தவிர.

"ஐயா, அது படம் பார்க்கிறவன் இல்லை. அளக்க வந்தவன்!" என்று கூரை அதிரக் கத்தினேன்.

"அப்ப சொல்லிட்டு வரணுமில்ல?" என்றார் அவரும் விடாமல். "கரண்டு ரீடிங் எடுக்க வர்றவருகூட வாசல்ல நின்னு அம்மான்னு கூப்புட்டுட்டுத்தான் உள்ள வர்றாரு. இவன் திருட்டுத்தனமா வந்தா நான் என்னா நெனைக்கிறது?"

சவரிமுத்து சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து நழுவிவிட்டார். "எங்க சைடு சுத்தம்" என்று இன்னொரு முறை சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பெரம்பலூர் திரும்பி விஷயத்தைச் சொன்னதும் சிவகாமி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். கோவிந்தராசுவைத் திட்டவில்லை. "நான் சொன்னதத்தானே செஞ்சாரு" என்றார். பிறகு என்னிடம், "அமுக்காம விட்டா தெருவுல சீரியல் நிக்கும். அமுக்குனா மெஷின் போயிரும். என்னா பண்றது?" என்றார்.

லைனில் பாதியை மெஷினுக்கு என்று ஒதுக்கி, அதற்கு மேல் அது ஓடவும் கூடாது, சொல்லவும் கூடாது என்று அதன் உள்ளேயே எழுதி வைக்கலாம் என்றேன். சொல்லும் வேகம் பாதியாகும். ஆனால் அளப்பவர்கள் எப்போது வந்தாலும் அந்தப் பாதி முழுசாகக் கிடைக்கும், அதனால் மதிப்பு ஏறும்.

"முடிஞ்சத மட்டும் சொல்லு, சொன்னதச் செய்யின்னு மெஷினுக்குச் சொல்லணும், அவ்ளோதானே" என்றார். முப்பது நிமிடம் வெள்ளைப் பலகையில் விளக்கத் தயாராக இருந்தவள் நான். பேனாவை மூடி வைத்துவிட்டேன். கோவிந்தராசு மெஷினின் லைனுக்கு மட்டும் சேவலை எடுத்துவிட்டார். எடுக்கும்போது அவர் முகம் வாடிப் போயிருந்தது.

இனி அளப்பவர்கள் எப்போது வருவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அவர்களைக் கூப்பிட முடியாது. மூன்று எண்ணாவது இல்லாமல் நடு எண்ணை எடுக்க முடியாது, எனவே குறைந்தது மூன்று பேராவது வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குள் புதிதாக அளந்தால்தான் மெஷின் தப்பும்.

வியாழக்கிழமை காலை ஆபீசுக்குப் போனேன். சிவகாமி போனில், "நிக்குதுன்னா டிவிய ஒருக்கா அணைச்சுப் போடுங்க மாமா, பொறுமையா இருங்க" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். வைத்ததும் எதிரில் உட்கார்ந்தேன். இரவெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்த வார்த்தைகள் எல்லாம் மறந்துபோயின.

"சிவகாமி, உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்."

"மெஷின்காரர் பொய் சொல்றாருன்னு எழுதுனது நீங்கதான், அதானே? தெரியும்ங்க."

"எப்போதிலிருந்து?"

"நீங்க வர்றதுக்கு மூணு வாரம் முன்னாடியே. உங்க கூட்டத்துல பேசுறத எல்லாரும் பாக்குற மாதிரிதானே போடுறீங்க. எம்பொண்ணு படிச்சுத் தமிழ்ல சொன்னா."

"தெரிந்தும் பேனர் வைத்தீர்களா?"

"பேனரு கோவிந்தராசு வச்சது. நான் போட்டது சோறு."

"கோபம் வரவில்லையா?"

"வராம? மூணு நாளு தூக்கமில்ல. இந்த டவுன்ல இத்தன வருசமா லைன் குடுக்குறேன். அக்காகிட்ட வாங்குனா சொன்ன வேகம் வரும்னுதான் பேரு. நீங்க எங்கேயோ உக்காந்துகிட்டு ஒரு வரியில முடிச்சிட்டீங்க." பேனாவை மேஜையில் வைத்தார். "ஆனா வந்து பாக்குறேன்னும் எழுதியிருந்தீங்க. எழுதிட்டு வராம இருக்கிறவங்கதான் நாட்டுல ஜாஸ்தி. சரி, வரட்டும்னு இருந்தேன். அந்த வரிய அழிக்க முடியுமா?"

"அழிக்க முடியாது. அதன் கீழே எழுதலாம்."

"எழுதுங்க. எம்முன்னாடியே எழுதுங்க."

எழுதினேன். தமிழில் வாசித்துக் காட்டச் சொன்னார். 'நான் தவறுதலாக எழுதிவிட்டேன்' என்று ஆரம்பித்ததும் கையை நீட்டித் தடுத்தார். "தவறுதலான்னு போடாதீங்க. கை தவறியா எழுதுனீங்க? நல்லா யோசிச்சுத்தானே எழுதுனீங்க?" அந்த வார்த்தையை அடித்தேன். 'நேரில் பார்க்காமல் ஒரு நேர்மையான மனுஷியைப் பொய்க்காரர் என்று எழுதினேன்' என்று மாற்றினேன். "ம், இப்ப சரி" என்றார். என் வாழ்நாளில் நான் எழுதிய எந்த அறிக்கையையும் இப்படி யாரும் திருத்தியதில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து மூன்று பேரும் ஒரு திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். காலையிலேயே ஓர் அளப்பவர் வந்து போயிருந்தார், எண் நன்றாக ஏறியிருந்தது. பதினொரு மணிக்கு இரண்டாவது ஆள். அப்புறம் ஒன்றுமே இல்லை. சிவகாமி மூன்று முறை போனை எடுத்து மூன்று முறை வைத்தார். கோவிந்தராசு, "அந்த மூணாவது ஆளு எந்த ஊருங்க? சாப்பாட்டு நேரமா இருக்குமோ?" என்று கேட்டார். இரண்டரை மணிக்குக் கோடு ஏறியது. ஏறியபடியே நின்றது. கோவிந்தராசுவின் கட்டை விரல் பழக்க தோஷத்தில் பைக்குப் போனதைப் பார்த்தேன். சிவகாமி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கோடு கீழே விழாமல், கோப்பு முடியும் வரை ஓடிவிட்டு நின்றது. மூன்றாவது எண்ணும் வந்துவிட்டது.

மூன்று மணிக்கு இணையத்தில் நடந்த கூட்டத்தில் மறுபேச்சே எழவில்லை. மெஷின் பெரம்பலூரில் இருக்கட்டும் என்று ஐந்து நிமிடத்தில் முடித்தார்கள். கோவிந்தராசு லட்டு வாங்க ஓடினார். லட்டு வந்த பிறகும் சிவகாமி அசையாமல் தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். மணி நான்கு. அது அமுதாவின் நேரம்.

நாலே காலுக்கு வந்தது. சிவகாமி படித்துவிட்டு என்னிடமும் காட்டினார். 'அக்கா இன்னிக்கு நானே புளிக்கொழம்பு வச்சேன். வெந்தயத்த கடைசியா போட்டேன். கசந்துருச்சு.' அவ்வளவுதான். சிவகாமி மூக்கை உறிஞ்சிக்கொண்டே, 'எண்ணெய்ல மொதல்ல போடச் சொன்னேன்டி கழுதை' என்று தட்டி அனுப்பினார்.

"இது எந்த மெஷின் வழியா வந்திருக்கும்?" என்று கேட்டார்.

"தெரியாது சிவகாமி. யாருக்கும் தெரியாது."

"நம்ம மெஷின் வழியா இருக்காதுல்ல?"

"அநேகமாக இருக்காது."

"அதுவும் தெரியும்ங்க அக்கா. யாரு வூட்டு மெஷினோ எந்தங்கச்சியக் கொண்டாந்து விடுது. அவங்க யாருன்னே தெரியாது, நான் போயி எங்க கைகூப்புறது? அதான் நம்மளும் ஒண்ணு ஓட்டுறது." முதல் முறையாக என்னை அக்கா என்றார். லட்டை என் கையில் வைத்துவிட்டு, ரொம்ப ஆசையாகக் கேட்டார்: "ஒருவேள உங்க வூட்டு மெஷின் வழியாவே வந்திருக்கும். நீங்க எத்தன ஓட்டுறீங்க?"

பதினோரு வருடமாக ஊரார் மெஷினையெல்லாம் அளந்திருக்கிறேன். ஈப்போவில் என் வீட்டு லைன் இதைவிட இரண்டு மடங்கு வேகம். அதில் நான் சமையல் காணொளி பார்க்கிறேன்.

"ஒன்றும் இல்லை" என்றேன். "நான் அளக்கிறதோடு சரி."

சிவகாமி எழுந்து உள்ளே போனார். பரணில் எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது. தூசி தட்டியபடி ஒரு சின்னக் கணினிப் பெட்டியோடு வந்தார்.

"பழசுதாங்க, ஆனா ஓடும். உங்க வூட்ல ஓட்டுறதுக்கு எடுத்துட்டுப் போறீங்களா?"

கிண்டலாக இருக்குமோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, உண்மையாகத்தான் கேட்டார். ரொம்ப வெட்கமாக இருந்தது. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.